புதுக் கோழிக்கு முப்பது நாள் தனியிடம்

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கோழி வளர்ப்பு நம் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. பகாவ் முதல் போர்ட்டிக்சன் வரை, தம்பின் முதல் நீலாய் வரை, பால்மரத் தோட்டங்கள் இருந்த இடமெல்லாம் லய வீடுகளின் பின்புறத்தில் கம்பத்துக் கோழிகள் மேய்ந்து வந்திருக்கின்றன. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும், குடியிருப்புகளாக மாறியும் போன பின்னரும், எஞ்சியுள்ள தோட்டங்களில் அந்தப் பழக்கம் அற்றுப் போய்விடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அடைமழையால் மரம் வெட்ட இயலாத நாள்கள் வருகின்றன. பால்மரங்கள் இலையுதிர்த்து, பால் குறையும் மாதங்கள் வருகின்றன. பால்விலை இறங்கும் காலமும் வருகின்றது. அத்தகைய வேளைகளில் பத்துக் கோழிகள் உள்ள வீட்டில் முட்டைக்கு முடை இல்லை. அவசரச் செலவுக்கு இரண்டு சேவல்களை விற்றுக்கொள்ளலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சாறு வைக்கவும், விருந்தினர் வந்தால் இலையில் கறி வைக்கவும், குலதெய்வத்துக்குப் படையல் இடவும் கையேந்த வேண்டியதில்லை. ஆகவே, கோழிக்கூண்டு என்பது ஏழைக் குடும்பத்தின் சிறு சேமிப்புப் பெட்டியாகும்.

அந்தச் சேமிப்பு ஒரே வாரத்தில் அழிந்து போவதையும் நாம் கண்டிருக்கின்றோம். பெரும்பாலும் அந்த அழிவு நாமே கூண்டுக்குள் கொண்டுவந்து விட்ட ஒரு புதுக் கோழியின் வழியாகவே வருகின்றது. புதிதாக வாங்கிய கோழியைப் பழைய கோழிகளுடன் சேர்ப்பதற்கு முன் முப்பது நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்று நாம் கூற வந்த செய்தி.

நம் மரத்தைக் காத்ததும் இதே முறைதான்

தனிமைப்படுத்துதல் என்பது நமக்கு அந்நியமான செயலன்று. நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது, கரையிறங்கியதும் நேரே தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்படவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் இருந்த குவாரண்டின் முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லையென்று தெரிந்த பின்னரே வெளியே விடப்பட்டனர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது 14 நாள் தனித்திருத்தல் என்பதன் பொருளை நம் சிறுவர்களும் கற்றுக்கொண்டனர்.

நாம் நாள்தோறும் வெட்டும் பால்மரத்தின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பால்மரத்தின் தாயகம் பிரேசில் நாடு. 1876-இல் அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைவிக்கப்பட்டன. அவற்றிலிருந்து வளர்ந்த கன்றுகளே 1877-இல் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. தாயகத்தில் அம்மரத்தைப் பற்றும் கொடிய இலைக்கருகல் நோய் அவற்றுடன் வரவில்லை. பிரேசிலிலேயே பெருந்தோட்டம் அமைக்க முயன்ற அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோர்டு, முதன்மையாக அந்நோயின் தாக்குதலால் தோல்வியுற்றார்; அவர் தொடங்கிய தோட்டங்கள் 1945-இல் கைவிடப்பட்டன. ஆனால் நம் நாட்டில் அந்நோய் இன்றுவரை கால் வைக்கவில்லை. 1981-இல் ஆராய்ச்சிக்காகப் பிரேசில் காடுகளில் திரட்டப்பட்ட விதைகள்கூட நேரே இங்கு அனுப்பப்படவில்லை. இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, மருந்திட்ட பின்னரே இந்நாட்டுக்கு வந்தன.

ஒரு விதைக்கே இத்துணைக் காவல் வேண்டியிருக்குமானால், உயிருள்ள கோழிக்குக் காவல் வேண்டாமா?

நம் மாநிலம் கண்ட பாடம்

காவல் தவறினால் என்ன நேரும் என்பதை நெகிரி செம்பிலான் மாநிலம் வேறெந்த மாநிலத்தையும்விட நன்கு அறியும். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பேராக் மாநிலத்து ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. அங்கிருந்த பன்றிகள் வாணிகத்தின் வழியாகத் தெற்கே கொண்டுவரப்பட்டன. நோயும் அவற்றுடன் பயணம் செய்து, சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கும், போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்குக்கும் வந்து சேர்ந்தது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது புதியதொரு கிருமி என்று கண்டறியப்பட்டது. நம் மாநிலத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

அக்கிருமி பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்குத் தொற்றியது என்று பின்னர் அறிஞர்கள் கண்டனர். கிருமி தொற்றிய பன்றிகள் பலவற்றில் நோயின் அடையாளம் மிகக் குறைவாகவே இருந்தது என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பார்வைக்கு நலமாக இருந்த பிராணியே நோயைச் சுமந்து வந்தது.

கோழியிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. 2004 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலம் பாசிர் பெக்கானில் கம்பத்துக் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டபோது, எல்லைக்கு அப்பாலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்களே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. பெரிய பண்ணையின் வழியாக வராத நோய் ஒரு கூடைச் சேவலின் வழியாக வந்துவிடலாம்.

நலமாகத் தோன்றும் கோழியில் என்ன அச்சம்?

“நன்றாக இரை எடுக்கிறதே, கொண்டை சிவந்திருக்கிறதே, இதற்கு என்ன நோய் இருக்கப் போகிறது?” என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே கால இடைவெளி உண்டு என்பது முதல் விடை. வெள்ளைக் கழிச்சல் நோயை எடுத்துக்கொள்வோம். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக ஆராயப்பட்ட இந்நோயை இந்தியாவில் ராணிகேட் நோய் என்பர். மலாய் மக்கள் சம்பார் ஆயாம் என்பர். கிருமி புகுந்தபின் இது பெரும்பாலும் ஐந்தாறு நாள்களில் வெளிப்படும். இரண்டு நாளிலும் வெளிப்படலாம், பதினைந்து நாள் கழித்தும் வெளிப்படலாம். சந்தையில் ஒரே கூடையில் நோயுற்ற கோழியுடன் அடைபட்டிருந்த கோழி, நம் வீட்டுக்கு வரும் நாளில் துள்ளித் திரியும். அடுத்த வாரம் தலை சாயும். அதற்குள் நம் கோழிகள் அனைத்துக்கும் கிருமியைப் பகிர்ந்து கொடுத்துவிடும்.

நோயிலிருந்து பிழைத்த கோழி கிருமியிலிருந்து விடுபட்டதாகாது என்பது இரண்டாவது விடை. முகம் வீங்கி மூக்கொழுகும் சளி நோயிலும், கொரகொரவென்று மூச்சிழுக்கும் நாட்பட்ட சுவாச நோயிலும், பிழைத்தெழுந்த கோழி நெடுநாள் கிருமியைச் சுமந்து திரியும். அதற்கு ஒன்றும் ஆகாது. அதனுடன் சேர்ந்த கோழிகளே துன்புறும்.

மேலும், ஆபத்து ஒருவழிப் பாதையன்று. நம் பழைய கோழிகள் பழகித் தாங்கிக்கொண்ட கிருமிகளும் புழுக்களும் புதிய கோழிக்குப் பழக்கமில்லாதவையாக இருக்கலாம். ஆகவே தனியே வைப்பது இருசாரார்க்கும் காவலாகும்.

எவை எல்லாம் புதுக் கோழி?

சந்தையில் வாங்கியது மட்டுமே புதுக் கோழி என்று கருதலாகாது. உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்த கோழியும் புதியதே. விற்பதற்காகப் பசார் மாலத்துக்குக் கொண்டுபோய், விலை படியாமல் திரும்பிய நம் சொந்தக் கோழியும் புதியதே. இனப்பெருக்கத்துக்காக இரவல் கொடுத்துப் பத்து நாள் கழித்துத் திரும்பிய சேவலும் புதியதே. அயல் கோழிகளுடன் கூடியிருந்து திரும்பும் எந்தக் கோழிக்கும் அன்றுமுதல் முப்பது நாள் எண்ண வேண்டும்.

தனியிடம் அமைக்கும் முறை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மூங்கிலாலோ கம்பிவலையாலோ செய்த ஒரு சிறு கூண்டு போதும். வெயிலும் மழையும் படாத கூரை வேண்டும். பழைய கூண்டிலிருந்து முப்பது அடிக்குக் குறையாத தொலைவில் அது இருக்க வேண்டும். இடமிருந்தால் இன்னும் தள்ளி வைத்தல் நன்று. காய்கறித் தோட்டத்தின் கோடியில் வைக்கலாம். தனிக்கூண்டைக் கழுவும் நீர் பழைய கோழிகள் மேயும் பக்கம் வழிந்தோடாதவாறு தாழ்வான பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கோழிகள் அருகே வந்து கம்பிவலையைக் கொத்தாமல் சுற்றிலும் வேலி கட்டுதல் வேண்டும்.

இரைத்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த டின்களை எவ்வளவு கழுவினாலும் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்படுத்தலாகாது.

கூண்டைவிட முக்கியமானது வேலை செய்யும் ஒழுங்கு. இதனைப் பால்வெட்டுத் தொழிலாளருக்கு எளிதில் விளக்கலாம். பட்டையழுகல் கண்ட மரத்தில் வைத்த கத்தியைத் தூய்மை செய்யாமல் அடுத்த மரத்தில் வைத்தால், நோய் நிரை முழுவதும் பரவும் என்பது உங்களுக்குத் தெரியும். கோழிக்கூண்டில் நம் கையும் காலும் செருப்பும் வாளியுமே அந்தக் கத்தி.

ஆகவே, விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் முன் முதலில் பழைய கோழிகளுக்கு இரையும் நீரும் வைத்துவிட வேண்டும். அதன் பின்னரே புதுக் கோழியிடம் செல்ல வேண்டும். பின்பு நேரே சவர்க்காரமிட்டுக் கைகால்களைக் கழுவிக்கொள்ள வேண்டும். தனிக்கூண்டின் வாயிலில் ஒரு பழைய செருப்பை வைத்துக்கொண்டு, அங்கு மட்டுமே அதனை அணிவது நன்று. வேலை முடிந்து வந்து பிற்பகலில் கவனிக்கும்போதும் இதே வரிசைதான். சிறுவர்கள் இரு கூண்டுகளுக்குமிடையே ஓடியாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முப்பது நாளும் பார்க்க வேண்டியவை

வந்த முதல் நாளே கோழியைக் கையிலெடுத்து, இறக்கையின் அடியிலும் எருவாயைச் சுற்றிலும் பேனும் செள்ளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அது செதிற்சொறி. இவற்றைத் தனிக்காலத்திலேயே தீர்த்துவிட வேண்டும்.

பின்னர் நாள்தோறும் எச்சத்தைக் கவனித்தல் வேண்டும். எச்சத்தில் இரத்தம் கண்டால் இரத்தக் கழிச்சல் என்று ஐயுற வேண்டும். பச்சையாகவோ வெண்மையாகவோ கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கி, இறக்கை தொங்கினால் அது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல். கொண்டையிலும் தாடியிலும் கொப்புளம் கண்டால் அது கோழி அம்மை. கோழி அம்மையைக் கொசுவும் பரப்பும். எனவே, தேங்கிய நீரை அகற்றுவதும் தேவை. இரவில் கூண்டருகே சற்று நின்று கேளுங்கள். பகலில் தெரியாத கொரகொரப்பு, அமைதியான இரவில் நன்கு கேட்கும்.

இக்காலத்தில் மனிதருக்கு வாங்கிய மாத்திரைகளைப் பொடித்துக் கோழிக்குக் கொடுக்கும் பழக்கம் கூடாது. அது நோயைத் தீர்க்காமல் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடும்; தனியே வைத்ததன் பயனே போய்விடும்.

இடையில் மற்றொரு புதுக் கோழியைக் கூண்டில் சேர்த்தால், நாள் கணக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முப்பது நாளில் எந்த அடையாளமும் தோன்றவில்லையெனினும், கிருமியைச் சுமக்கும் கோழி நம் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். அதற்கும் ஒரு வழி உண்டு. கடைசிப் பத்து நாளில் நம் பழைய கோழிகளுள் ஒன்றைப் பிடித்துப் புதுக் கோழியுடன் தனிக்கூண்டில் விட்டுப் பாருங்கள். அது நலமாக இருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். அது நோயுற்றால், இழப்பு ஒரு கோழியோடு நிற்கும்.

நோய் கண்டால்

வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்தில்லை. தடுப்பு மருந்தே உண்டு. கம்பத்துக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்திடுவதும், வெப்பத்தில் கெடாமல் மருந்தைக் காப்பதும் கடினமாயிருந்தன. அதனால் 1980-களில் செர்டாங்கில் உள்ள, அப்போது மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் எனப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் கூடி, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை இரையில் கலந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்தனர். குயின்ஸ்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட, நோய் விளைவிக்காத வீ-4 என்னும் கிருமியே அதற்கு அடிப்படையாயிற்று. நம் கம்பத்துக் கோழியைக் கருதி இந்நாட்டிலேயே செய்யப்பட்ட அம்முயற்சி பிற நாடுகளுக்கும் வழிகாட்டியது. இப்போது கிடைக்கும் தடுப்பு மருந்து எது, எப்போது இட வேண்டும் என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டறிந்து, புதுக் கோழி வருவதற்கு முன்னரே பழைய கோழிகளுக்கு இட்டுக்கொள்வது சிறந்தது.

தனிக்கூண்டில் கோழி இறந்தால் அதனை அறுத்து உண்ணவோ, பிறருக்கு விற்கவோ, ஓடையிலும் வடிகாலிலும் எறியவோ கூடாது. ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென்று மடிந்தால், கைபடாமல் அப்படியே விட்டு, உடனே கால்நடை இலாகாவுக்கு அறிவியுங்கள். பறவைக் காய்ச்சல் மனிதர் உயிரையும் வாங்கக்கூடியது. 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம், பிராணிகளிடையே நோய் பரவாமல் தடுக்கும் அதிகாரத்தை அவ்விலாகாவுக்கு வழங்குகின்றது. அறிவித்தால் கோழி போய்விடுமே என்று மறைப்பவர் தம் கோழியையும் காப்பதில்லை. அண்டை வீட்டாரையும் கெடுக்கின்றனர். ஒன்றிரண்டு கோழிகள் மட்டும் இறந்தால், நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துக் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள்.

லயத்துக் கோழிகள் எல்லாம் ஒரே மந்தை

தனித்து வாழும் குடியானவர் தம் கூண்டை மட்டும் காத்தால் போதும். நம் நிலை அவ்வாறன்று. ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள் கோழி வளர்த்தால், கணக்கில் பத்து மந்தைகள் இருக்கலாம். கோழிகளுக்கோ ஒரே மந்தைதான். அவை ஒரே வடிகாலில் நீர் குடிக்கின்றன. ஒரே குப்பைமேட்டைக் கிளறுகின்றன. ஒன்பது வீட்டார் விழிப்பாயிருந்து, பத்தாம் வீட்டார் சந்தையிலிருந்து வந்த சேவலைக் கட்டவிழ்த்து விட்டால், ஒன்பது வீட்டாரின் உழைப்பும் வீணாகும். பின்னர் அது மனக்கசப்பாகவும் பூசலாகவும் வளரும்.

ஆகவே, லயந்தோறும் குடும்பங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு வேண்டுகின்றோம். நிர்வாகத்தின் அனுமதியுடன் லயத்துக்குத் தள்ளி ஒரு பொதுத் தனிக்கூண்டு அமைத்துக்கொள்ளலாம். வாங்க விரும்புவோர் ஒரே வாரத்தில் வாங்கினால், அனைவருக்கும் ஒரே நாள் கணக்கு அமையும். வெளியிலிருந்து கோழி வந்தால் அண்டை வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நம் வழக்கமாகட்டும்.

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அறுப்பதற்கென்று வாங்கும் கோழிகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். இரண்டு நாளில் அறுக்கப் போகின்றோம் என்று அவற்றை மேயவிட்டுவிடுகின்றோம். அந்த இரண்டு நாளே போதும். அவற்றைப் பஞ்சாரத்தால் மூடி ஒதுக்குப்புறத்தில் வையுங்கள். அறுத்தபின் இறகையும் குடலையும் புதைத்துவிடுங்கள். வடிகாலில் எறிந்த குடலைக் கொத்துவதால் ஊர்க் கோழிகளுக்கு நோய் பரவும்.

சேர்க்கும் நாள்

முப்பது நாள் நலமே கழிந்தபின், பகலில் திடீரென்று புதுக் கோழியைக் கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். கோழிகளுக்குள் யார் முதல், யார் பின் என்ற வரிசை உண்டு. புதிய கோழியைக் கொத்தி விரட்டும். சில நாள் கம்பிவலைக்கு அப்பாலிருந்து ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். பிறகு இருட்டியபின், பழைய கோழிகள் அடைந்திருக்கும்போது, புதியதை அவற்றின் பக்கத்தில் மெல்ல ஏற்றிவிடுங்கள். ஓரிரு வாரம் இரையை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். காலியான தனிக்கூண்டைச் சவர்க்கார நீரால் கழுவி, வெயிலில் உலர்த்தி, இரண்டு வாரம் வெறுமையாக விட்டபின் மீண்டும் பயன்படுத்தலாம்.

அன்பர்களே! முப்பது நாள் என்பது நீண்ட காலமாகத் தோன்றலாம். கோழிகள் அனைத்தும் மடிந்தபின், குஞ்சு வாங்கி வளர்த்து மீண்டும் முட்டை காண்பதற்கு ஆகும் காலம் அதனினும் பன்மடங்கு நீண்டது. ஒரு கூண்டும், ஒரு சட்டியும், ஒரு பழைய செருப்பும், சிறிது பொறுமையும் இருந்தால் நம் குடும்பத்தின் சிறு சேமிப்பைக் காத்துக்கொள்ளலாம். லயம் முழுவதும் ஒன்றுபட்டு நின்றால், நம் தோட்டத்துக் கோழிகள் அனைத்தையும் காத்துக்கொள்ளலாம். அடுத்த முறை சந்தையிலிருந்து கோழியுடன் வீடு திரும்பும்போது, பழைய கூண்டின் கதவைத் திறவாமல், தனிக்கூண்டின் கதவைத் திறவுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றோம்.